அமெரிக்காவில் பள்ளி, பிரிட்டனில் பட்டம்: விண்ணப்பிக்கும் முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கணினி வேலைக்காக அமெரிக்கா சென்ற நம் ஜமாஅத் சகோதரர்களின் மக்கள் அங்கேயே பள்ளியில் வளர்ந்து, இப்போது பன்னிரண்டாம் வகுப்பை எட்டிவிட்டார்கள். அவர்களில் சிலர், "கல்லூரிக்கு நான் பிரிட்டன் போகிறேன்" என்கிறார்கள். அந்தச் செய்தி ஊருக்கு வந்ததும் இங்கே கேள்விகள் தொடங்குகின்றன. என்ன செலவு? அந்தப் பட்டம் அமெரிக்காவில் செல்லுமா? சாச்சாவும் மாமாவும் சேர்ந்து பணம் போட்டால் விசாவுக்கு ஆகுமா? காணியை விற்கலாமா? நம் அறக்கட்டளையின் கல்விக் குழுவிடம் இந்தக் கேள்விகள் வருவதால், நாம் திரட்டிய விவரங்களை இங்கே எழுதுகிறோம்.

இது நம் குடும்பங்களில் மட்டும் கிளம்பிய ஆசையல்ல. 2025-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்குப் பிரிட்டனில் இளநிலைப் படிப்பு கேட்டு விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களின் எண்ணிக்கை 8 ஆயிரத்தை நெருங்கியது. அதற்கு முன் இத்தனை பேர் விண்ணப்பித்ததில்லை. இங்கிலாந்தில் பட்டம் மூன்றே ஆண்டு, அமெரிக்காவில் நான்கு. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. கணக்குப் போடுகிற பெற்றோரின் கண் பிரிட்டன் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் சேர்க்கை முறை வேறு. அமெரிக்க முறையில் பழகிய பிள்ளை, அதே பழக்கத்தோடு பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர்.

கல்லூரிக்கு அல்ல, பாடத்துக்கு

அமெரிக்காவில் மாணவர் ஒரு கல்லூரியில் சேர்கிறார். என்ன பாடம் என்பதைப் பல இடங்களில் இரண்டாம் ஆண்டு முடியும் வரை தள்ளிப்போடலாம். முதலில் வரலாறு, பிறகு உயிரியல், கடைசியில் பொருளாதாரம் என்று மாறி மாறிப் படித்தும் பட்டம் வாங்கலாம். சேர்க்கைக் குழுவும் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. விளையாட்டு, சமூக சேவை, குடும்பச் சூழல், பிள்ளை எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் பார்க்கும்.

பிரிட்டனில் கதவைத் தட்டும்போதே "இயற்பியல் படிக்க வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்தத் துறைதான் பிள்ளையை எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கும். சேர்ந்த பிறகு மூன்று ஆண்டும் அதே இயற்பியல்தான். இடையில் மனம் மாறினால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஓராண்டுக் கட்டணமும் போகும்.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. பி.எஸ்ஸி. கணிதம், பி.காம்., பி.ஏ. வரலாறு என்று நாம் சேர்ந்ததும் இப்படித்தான். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில்தான் அமைத்தார்கள். எனவே இந்த விஷயத்தில் அமெரிக்காவில் வளர்ந்த பேரனைவிட ஊரில் இருக்கும் பெரியவருக்குப் பிரிட்டிஷ் முறை சுலபமாக விளங்கும்! பேரனுக்கு அதை எடுத்துச் சொல்லவும் அவரால் முடியும்.

விண்ணப்பம் யூகாஸ் என்னும் பொது அமைப்பின் வழியாகவே போகிறது. ஒரே விண்ணப்பத்தில் ஐந்து படிப்புகள் வரை கேட்கலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் அந்தத் துறையில் நான்கு மட்டுமே. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றைத்தான் ஓர் ஆண்டில் கேட்க முடியும். 2026 சேர்க்கைக்கு மொத்த விண்ணப்பக் கட்டணமே 28.95 பவுண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே 50, 75 டாலர் என்று கட்டிப் பழகியவர்களுக்கு இது மலிவாகத் தெரியும். அந்த மலிவே ஆபத்தாகவும் ஆகிறது. "ஐந்து இடம் இருக்கிறதே, ஒன்றில் மருத்துவம், ஒன்றில் சட்டம், ஒன்றில் கணினி போட்டு வைப்போம்" என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் போவது பிள்ளை எழுதும் ஒரே அறிக்கைதான். அதில் மருத்துவத்தைப் பற்றி எழுதினால் சட்டத் துறை ஏற்காது. மூன்றையும் பற்றி எழுதினால் மூன்றுமே ஏற்காது.

அந்த அறிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளுக்கான பதிலாக அமைந்திருக்கிறது. இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு எப்படி உங்களைத் தயார் செய்தது? பள்ளிக்கு வெளியே இதற்காக வேறு என்ன செய்தீர்கள்? மூன்று பதில்களும் சேர்ந்து, இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்காகப் பிள்ளை எழுதி வைத்திருக்கும் கட்டுரை இங்கே உதவாது. உம்மாவின் உடல்நலக் குறைவு, ஹிஜாப் அணிந்து பள்ளிக்குப் போன முதல் நாள், பள்ளிவாசலில் ரமளானில் உணவு பரிமாறியது போன்றவற்றை மனம் தொடும்படி எழுதச் சொல்லித்தான் அமெரிக்க ஆசிரியர்கள் பயிற்சி தருகிறார்கள். பிரிட்டனில் அதைப் படிக்கும் பேராசிரியர் தேடுவது வேறு. பொருளாதாரம் கேட்கும் பிள்ளை எந்த நூலைப் படித்தது, அதில் எந்த வாதம் அதற்கு ஒப்பவில்லை, ஏன் ஒப்பவில்லை என்பதையே அவர் பார்க்கிறார். சேவை செய்தது நல்ல காரியம்தான். கேட்ட பாடத்தோடு அது தொடர்புபடாவிட்டால் ஒரு வரிக்கு மேல் இடம் கொடுக்கத் தேவையில்லை. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் டிசம்பரில் நடத்தும் நேர்காணலும் இப்படியே. பிள்ளையின் குணநலனை விசாரிக்க மாட்டார்கள். ஒரு கணக்கையோ ஒரு பத்தியையோ கொடுத்து, அது எப்படி யோசிக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆகவே பெற்றோரிடம் நாம் முதலில் கேட்பது: பாடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? வாப்பாவின் விருப்பத்துக்காக மருத்துவமோ கணினியோ எழுதும் பிள்ளைக்கு அமெரிக்காவில் பாதியில் திரும்ப வழி உண்டு. பிரிட்டனில் அந்த வழி மிகக் குறுகியது. பதினேழு வயதில் தன் பாடம் எது என்று தெரியாத பிள்ளையிடம் குறையொன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அமெரிக்க முறையே நல்லது என்பது நம் கருத்து.

இடைப்பட்ட வழியும் உண்டு. ஸ்காட்லாந்தில் பட்டம் நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துப் படித்துவிட்டுப் பிறகு ஒன்றில் நிலைக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ், எடின்பரோ பல்கலைக்கழகங்களில் அமெரிக்க மாணவர்கள் கணிசமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். செயின்ட் ஆண்ட்ரூஸ், அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பழகிய காமன் ஆப் விண்ணப்பத்தையும் ஏற்கிறது. லண்டனில் யூ.சி.எல்., கிங்ஸ் கல்லூரி போன்ற இடங்களில் பல துறைகளைக் கலந்து படிக்கும் பட்டங்களும் உள்ளன.

பள்ளிச் சான்றிதழோடு வேறு என்ன வேண்டும்

அமெரிக்கப் பள்ளியின் டிப்ளமா சான்றிதழை மட்டும் வைத்து முன்னணிப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் சேர முடியாது. அவர்கள் கேட்பது ஏ.பி. தேர்வுகள். கல்லூரித் தரத்திலான பாடத்தைப் பள்ளியிலேயே படித்து மே மாதத்தில் எழுதும் தேர்வு இது. 1 முதல் 5 வரை மதிப்பெண், 5 உயர்ந்தது. ஆக்ஸ்போர்டு நான்கு ஏ.பி.யில் 5 மதிப்பெண் கேட்கிறது. அல்லது மூன்று ஏ.பி.யில் 5 வாங்கி, எஸ்.ஏ.டி. தேர்வில் 1480-ஓ ஏ.சி.டி. தேர்வில் 33-ஓ எடுத்திருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பொதுவாக ஐந்து ஏ.பி.யில் 5 மதிப்பெண்ணை எதிர்பார்க்கிறது. மற்றப் பல்கலைக்கழகங்கள் இதைவிட இறங்கி வரும். பலவற்றுக்கு மூன்று ஏ.பி. போதும். பள்ளியில் ஐ.பி. டிப்ளமா படிக்கும் வாய்ப்பு இருந்தால் அதைப் பிரிட்டனில் எல்லோரும் அறிவார்கள்.

எந்தப் பாடத்தில் ஏ.பி. எழுதியது என்பதும் முக்கியம். பொறியியல் கேட்கும் பிள்ளைக்குக் கால்குலஸும் இயற்பியலும் தேவை. உளவியலிலும் புவியியலிலும் 5 வாங்கியிருந்தால் அது ஈடாகாது. பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே இதைத் தீர்மானிக்காவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்றும் செய்ய இயலாது. பள்ளியில் ஏ.பி. வகுப்புகள் போதிய அளவு இல்லையென்றால், டிப்ளமாவுடன் நல்ல சராசரியும் எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் பார்த்துச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. "பவுண்டேஷன்" என்னும் ஓராண்டுப் படிப்பு முடித்து உள்ளே போகும் வழியும் உண்டு. ஆனால் அந்த ஓராண்டுக்கும் கட்டணம் உண்டு. மூன்றாண்டு என்று மலிவு பார்த்து வந்த கணக்கு அங்கே நான்காகிவிடும்.

சில பாடங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. மருத்துவத்துக்கு யூகேட், பல இடங்களில் சட்டத்துக்கு எல்நேட். யூகேட் தேர்வைக் கோடை விடுமுறையிலும் செப்டம்பரிலும் எழுதி முடித்துவிட வேண்டும். பள்ளி திறந்த பிறகு நிதானமாகத் தொடங்கலாம் என்றிருந்தால் அந்த ஆண்டு போய்விடும்.

தேதிகளில் மறக்கக் கூடாதது அக்டோபர் 15. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அன்றே கடைசி நாள். அதுவும் பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது பிற்பகல் 1 மணிதான், கலிபோர்னியாவில் காலை 10 மணி. "இன்றைக்கு ராத்திரி வரை நேரம் இருக்கிறது" என்று நினைத்தால் கதவு மூடிவிட்டிருக்கும். மற்றப் படிப்புகளுக்கு ஜனவரியில் கடைசி நாள். தேதி ஆண்டுதோறும் சற்று மாறும். 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14.

பள்ளியின் ஆலோசகரையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். மே மாதத் தேர்வில் இந்த மாணவர் என்ன மதிப்பெண் வாங்குவார் என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டு எழுத வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்க ஆசிரியர்களில் பலருக்கு இது புதிது. மதிப்பீடு கேட்டால் தயங்குவார்கள். எழுதித் தரும் கடிதத்திலும் பிள்ளையின் நற்குணத்தைத்தான் புகழ்வார்கள். எந்தப் பாடம் கேட்டிருக்கிறது, அதில் எப்படிப்பட்ட மாணவர் என்று எழுதும்படி பிள்ளைதான் பணிவோடு விளக்க வேண்டும்.

இடம் தருவதாகக் கடிதம் வந்தால் அதில் நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "மூன்று ஏ.பி.யில் 5 வாங்கினால் இடம்" என்பது நிபந்தனைக் கடிதம். ஜூலையில் ஏ.பி. முடிவு வரும் வரை அது உறுதியல்ல. வந்த கடிதங்களில் ஒன்றை முதல் தெரிவாகவும், மதிப்பெண் குறைந்தால் கைகொடுக்க இன்னொன்றைக் காப்புத் தெரிவாகவும் வைக்கலாம். இதற்கிடையே அமெரிக்கக் கல்லூரிகள் மே முதல் தேதிக்குள் முன்பணம் கட்டச் சொல்லும். இரண்டு நாட்டிலும் விண்ணப்பித்த குடும்பம், பிரிட்டன் உறுதியாகும் வரை அமெரிக்க இடத்தைப் பிடித்து வைக்க அந்த முன்பணத்தை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். இதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம் பற்றித் தனியாக ஒரு சொல். அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் முடித்த பிறகே மருத்துவப் படிப்பு. பிரிட்டனில் நம் ஊர் போலப் பள்ளி முடித்ததும் ஐந்தாறு ஆண்டுகள். இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் வெளிநாட்டவருக்கு ஒதுக்கும் மருத்துவ இடங்கள் மொத்தத்தில் 7.5 விழுக்காடு அளவுக்கே இருக்கின்றன. கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 40 ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. முடித்துவிட்டு அமெரிக்காவில் தொழில் செய்ய வேண்டுமென்றால் வெளிநாட்டில் படித்த எல்லா மருத்துவர்களையும் போல யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகள் எழுதி, மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்கும் போட்டியிட வேண்டும். கணினி, பொருளாதாரம், வரலாறு போன்ற பட்டங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை அமெரிக்காவில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லும்.

பணம்

உள்நாட்டு மாணவருக்கு இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டின் உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு. இந்தத் தொகையைப் பார்த்து நம்மிடம் மகிழ்ச்சியோடு வந்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து போகும் பிள்ளைக்கு இது பொருந்தாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும், படிப்புத் தொடங்கும் முன் மூன்றாண்டு அங்கே வசித்திருக்காவிட்டால் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணம்தான். அது பல்கலைக்கழகத்தையும் பாடத்தையும் பொறுத்து ஆண்டுக்கு 18 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பவுண்டு வரை போகிறது; பெயர்பெற்ற சில இடங்களில் அறிவியல், பொறியியல் படிப்புகள் அதையும் தாண்டும்.

எடுத்துக்காட்டாக, கட்டணம் 28 ஆயிரம், தங்கவும் சாப்பிடவும் 13 ஆயிரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 41 ஆயிரம் பவுண்டு. மூன்றாண்டுக்கு 1 லட்சத்து 23 ஆயிரம் பவுண்டு. விமானக் கட்டணமும், ஆண்டுதோறும் கட்டணம் ஏறுவதும் இதில் சேரவில்லை. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தின் முழுச் செலவோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் தம் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பிரிட்டனே கூடுதல்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் செல்வம் மிகுந்த பல்கலைக்கழகங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. ஹார்வர்டு 2025-26 முதல் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. 1 லட்சத்துக்குட்பட்டால் விடுதி, உணவுச் செலவையும் ஏற்கிறது. பிரிட்டனில் வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு அப்படிப்பட்ட உதவி அரிது. கிடைக்கும் உதவித்தொகை பெரும்பாலும் சில ஆயிரம் பவுண்டு கழிவுதான். ரோட்ஸ், மார்ஷல், கேட்ஸ் கேம்பிரிட்ஜ் என்று கேள்விப்பட்டு வருவோருக்குச் சொல்கிறோம்: அவை பட்டம் முடித்தவர்களுக்கு உரியவை, பள்ளி முடித்த பிள்ளைக்கு அல்ல.

அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடனை, அந்த அரசு அங்கீகரித்த பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களிலும் பயன்படுத்தலாம். ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கான பெல் மானியத்தை வெளிநாட்டில் பயன்படுத்த முடியாது. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு அந்தக் கடன் முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாமாண்டில் 6,500, பிறகு 7,500 வரைதான். பெற்றோர் தம் பெயரில் வாங்கும் கடனுக்கு இதுவரை படிப்புச் செலவே எல்லையாக இருந்தது. 2025-இல் நிறைவேறிய சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு அதை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம், மொத்தம் 65 ஆயிரம் டாலர் என்று கட்டுப்படுத்துகிறது. பழைய கணக்கை நம்பித் திட்டமிட்டவர்கள் மறுபடி பார்க்க வேண்டும்.

இவை யாவும் வட்டிக் கடன்கள் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பிரிட்டனில் முஸ்லிம்களுக்கு வட்டியில்லாத அரசுக் கல்விக் கடன் வந்துவிட்டதாமே" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு வழிசெய்யும் சட்டம் 2017-இல் நிறைவேறியது உண்மை. ஆனால் திட்டம் நடைமுறைக்கு வராமல் ஆண்டுகள் கடந்துவிட்டன. வந்தாலும் அது பிரிட்டனில் வாழும் மாணவர்களுக்காக. அமெரிக்காவிலிருந்து போகும் பிள்ளைக்கு இல்லை. ஆக, குடும்பச் சேமிப்பு, உறவினர் தரும் கர்ழன் ஹஸனா, குறைந்த செலவில் சொந்த மாநிலத்தில் படிப்பது ஆகியவையே கையில் இருக்கும் வழிகள். எது கூடும், எது கூடாது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காணி விற்பது பற்றிக் கேட்டால், மூன்றாண்டுக்கும் உரிய பணம் கண்முன் தெரியாமல் முதலாண்டுக்காக விற்காதீர்கள் என்பதே நம் யோசனை. இரண்டாமாண்டு பணம் கட்ட இயலாமல் நின்றால் பட்டமும் இல்லை, காணியும் இல்லை.

பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

ஒரே பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்காவில் பிறந்த குடிமகன். இன்னொருவர் கைக்குழந்தையாக ஊரிலிருந்து போய் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர். பேச்சிலும் படிப்பிலும் வேறுபாடு இருக்காது. பிரிட்டிஷ் விசா அலுவலகம் அவர்களை வேறு வேறாகத்தான் பார்க்கும்.

இருவருக்கும் பொதுவான செலவுகள் உண்டு. விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். அதோடு அரசு மருத்துவ வசதிக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே ஒரே தவணையில் கட்ட வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு இது மட்டும் 2,500 பவுண்டைத் தாண்டும். விண்ணப்பம் போடும்போதே கையில் இருக்க வேண்டிய பணம் இது.

வேறுபாடு வங்கிக் கணக்கில் வருகிறது. முதலாண்டுக் கட்டணத்தின் பாக்கியும், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் கையிருப்பில் உண்டு என்று காட்ட வேண்டும். 2025 நவம்பரிலிருந்து அந்த வாழ்க்கைச் செலவு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு முறையே 13,761, 10,539. அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர் பொதுவாக இந்த ஆவணங்களை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியதில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் கட்டாயம் காட்ட வேண்டும், அவர் பதினைந்து ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்திருந்தாலும்.

நம் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். அந்தப் பணம் மாணவரின் கணக்கில் இருக்கலாம், அல்லது பெற்றோரின், சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கில் இருக்கலாம். சாச்சா, மாமா, ராத்தாவின் கணவர் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அது செல்லாது. தொடர்ந்து 28 நாள் ஒரு நாள்கூட அந்தத் தொகைக்குக் கீழே இறங்காமல் இருக்கவும் வேண்டும். உறவினர் உதவுவதாக இருந்தால், பணத்தைப் பெற்றோர் கணக்குக்கு முன்கூட்டியே மாற்றி, 28 நாள் தொடாமல் வைத்து, பிறகு விண்ணப்பியுங்கள். பெற்றோர் கணக்கைக் காட்டும்போது பிறப்புச் சான்றிதழும் அவர்களின் ஒப்புதல் கடிதமும் தேவை. ஊரில் பெற்ற பிறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் இருப்பது நம்மிடையே சாதாரணம். அதை மார்ச், ஏப்ரலிலேயே சரிசெய்யத் தொடங்குங்கள்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ்பவருக்குரிய அட்டை. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்தால் அந்த உரிமையே கேள்விக்குள்ளாகும். ஆறு மாதத்தைத் தாண்டினாலே பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தொடர்ச்சியான வசிப்பு முறிந்ததாகக் கருதக்கூடும். விடுமுறைக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. புறப்படும் முன் அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது அதிகபட்சம் இரண்டாண்டுக்குச் செல்லும். இன்னும் நல்ல வழி, தகுதி இருந்தால் வாப்பாவோ உம்மாவோ முதலில் குடியுரிமை பெறுவது. அப்போது கிரீன் கார்டோடு அவர்களிடம் அமெரிக்காவில் வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தானாகவே குடிமகன் ஆகிவிடும். பதினேழரை வயதில் பிரிட்டன் விண்ணப்பத்தில் மும்முரமாக இருக்கும் குடும்பம், இந்த ஆறு மாத வாய்ப்பைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பணம் கொடுத்தாவது ஆலோசனை பெறுங்கள்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் நிலை வேறு. அமெரிக்க அரசின் உதவிகள் அவர்களுக்கு இல்லை. சில மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகமே வெளிநாட்டுக் கட்டணம் கேட்கிறது. 21 வயதானால் அந்த விசாவும் முடிகிறது. இவர்களுக்குப் பிரிட்டன் நியாயமான மாற்று வழியாக அமையலாம். படித்து முடித்ததும் அங்கே இருந்து வேலை தேட இதுவரை இரண்டாண்டு கிடைத்தது. 2027 ஜனவரி முதல் தேதியிலிருந்து விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதம். இப்போது சேரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் புதிய அளவுதான்.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். அமெரிக்காவில் 95 வாங்கிய பிள்ளை இங்கே 64 வாங்கியிருக்கும். பிரிட்டனில் 70-ஐத் தொட்டாலே முதல் வகுப்பு. 60-க்கு மேல் இருந்தால் நல்ல இரண்டாம் வகுப்பு. 64 என்பது நல்ல மதிப்பெண். வாரந்தோறும் சிறு தேர்வு வைத்து விரட்டும் வழக்கமும் அங்கே குறைவு. கலைப் பாடங்களில் வகுப்பு நேரம் வாரத்துக்குப் பத்து மணியைச் சுற்றியே இருக்கும். மீதி நேரத்தில் பிள்ளை தானே படிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி வரை வேலை செய்ய அனுமதி உண்டு. அந்த வருமானத்தை நம்பிக் கட்டணத்துக்குத் திட்டமிடக் கூடாது.

தொழுகை, உணவு பற்றிக் கவலைப்படும் உம்மாமார்களுக்கு: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தொழுகை இடமும் முஸ்லிம் மாணவர் சங்கமும் உண்டு. லண்டன், பர்மிங்காம், லெஸ்டர், பிராட்ஃபோர்டு போன்ற நகரங்களில் ஹலால் இறைச்சிக்குக் குறைவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் சிறு கடற்கரை ஊர். பெரிய நகரம் வேண்டுமென்றால் டண்டீ வரை போக வேண்டும். ஸ்காட்லாந்தில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். ஜூனில் இரவு 10 மணி ஆகும். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைக்கும் இது புதிதாக இருக்கும்.

விடுதி அறைக்கான படிவத்தில் பல பல்கலைக்கழகங்கள், பெண்கள் மட்டும் தங்கும் பகுதி, மது இல்லாத பகுதி என்று தேர்ந்தெடுக்க இடம் வைத்திருக்கின்றன. கேட்காதவர்களுக்கு ஆணும் பெண்ணும் ஒரே சமையலறையைப் பகிரும் பகுதி கிடைப்பது சாதாரணம். இந்த அறைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு பல்கலைக்கழகத்தை முதல் தெரிவாக உறுதிசெய்ததும், அந்த வாரத்திலேயே படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுங்கள்.